இரங்கற்பாவின் மூன்றாம் பகுதி

ஜூலை 2, ஞாயிறு

திருநெல்வேலியில் இன்று முதல் கான்டாக்ட் கிளாஸ். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், தொலைதூரக் கல்வி. அறுபது பேர் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். வந்தது இருபத்திரண்டு. பெரும்பாலும் என்னிடம் படித்துப் போன பிள்ளைகளின் வயது.

பேராசிரியை ஹெப்சிபா நடத்தினார். என்னைவிடப் பத்து வயதாவது குறைந்தவர். "வாசிச்சதப் பத்தித் தினம் நாலு வரி எழுதி வைங்க. தமிழ்லயே எழுதலாம். எனக்குக் காட்ட வேண்டாம்" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு.

இருபத்து மூன்று வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். எம்.ஏ. முடித்தால்தான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பதவி உயர்வு கிடைக்கும். ஒரு தாளும் விழாமல் இரண்டு வருடத்தில் முடித்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் என் வயதுக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் இடம் கிடைக்காது.

பாவூர்சத்திரம் வீட்டுக்கு வந்து சேர ஆறரை ஆனது. மனைவி வடிவு கேட்டாள், "என்ன நடத்துனாங்க?" பாடத்திட்டத்தை நீட்டினேன். அடுப்படியில் நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

ஜூலை 5, புதன்

பதினெட்டாம் நூற்றாண்டு. செவ்வியல் மரபைப் பின்பற்றியவர்கள். ஒழுங்கு, அளவு, விதி. ஈரடி ஈரடியாக, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் போன்ற கவிதைகள். எனக்குப் பிடித்த காலம் இதுதான். உணர்ச்சியைக் கொட்டுவதற்கு முன்னால் அறிவைக் கேட்டுக்கொள் என்கிறார்கள். இதில் என்ன தப்பு?

மோட்டார் ரிப்பேர். கிணற்றுத் தண்ணீரை வாளியில் இறைத்தோம்.

ஜூலை 9, ஞாயிறு

ரொமாண்டிக் இயக்கம். கைடில் ஐந்து அம்சங்கள் கொடுத்திருக்கிறார்கள். இயற்கை, கற்பனை, தனிமனித உணர்ச்சி, குழந்தைமை, பழமையின் மீது நாட்டம். மனப்பாடம் செய்துவிட்டேன்.

வடிவு கைடைத் தொடவில்லை, மூலப் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். திருமணத்தின்போது அவள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. "முடிச்சிட்டு வரட்டுமே" என்று அவள் அப்பா சொன்னார். எங்கள் வீட்டில் அவசரப்பட்டார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதுல குழந்தைகளப் பத்தி நெறைய இருக்கு" என்றாள்.

"நாலாவது அம்சம்" என்றேன்.

ஜூலை 15, சனி

இடது கையால் எழுதுகிறேன். நேற்று வண்டிக்குக் குறுக்கே நாய். வலது மணிக்கட்டு முறிவு. ஆறு வாரம் கட்டு.

ஜூலை 18

சட்டைப் பொத்தான்கூட வடிவுதான் போடுகிறாள்.

ஜூலை 24

சோறு பிசைந்து வைக்கிறாள். கரண்டியால் சாப்பிடுகிறேன். பேச்சு அதிகம் இல்லை. எங்கள் வீட்டில் எப்போதுமே அப்படித்தான்.

ஆகஸ்ட் 3

அசைன்மென்ட் மூன்று. கையால் எழுதித்தான் கொடுக்க வேண்டும், இம்மாதம் இருபத்தைந்துக்குள். நான் சொல்லச் சொல்ல வடிவு எழுதுவதாக ஏற்பாடு. கை முறிந்தவன் வேறென்ன செய்வான்.

ஆகஸ்ட் 6

முதல் அசைன்மென்ட் முடிந்தது. செவ்வியல் மரபு. நான் சொன்னேன், அவள் எழுதினாள்.

ஆகஸ்ட் 12

இரண்டாவது. ரொமாண்டிக் இயக்கம். ஐந்து அம்சத்தையும் சொன்னேன். "இத எல்லாருந்தான் எழுதுவாங்க" என்றாள். "அப்ப நீயே பாத்து எழுது" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. கைவலி.

ஒன்பது பக்கம் எழுதியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 19, சனி

வடிவு காலையிலேயே கோவிலுக்குப் போய்விட்டாள். வருடா வருடம் இந்தத் தேதியில் போவாள். எனக்குப் பள்ளியில் வேலை இருந்தது.

இருந்திருந்தால் இன்று பதினேழு முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 24

மூன்றாவது, இரங்கற்பா. ஆங்கிலக் கவிதையில் இறந்தவர்களுக்காகப் பாடும் மரபு. பள்ளியில் ஆய்வு நடந்ததால் நான் புத்தகத்தையே திறக்கவில்லை. வடிவு நாலு நாள் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டாள். பதினாலு பக்கம். கடைசிப் பக்கத்தை எடுத்து இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

"வாசிச்சுப் பாக்கலியா?" என்றாள்.

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கதவருகே சிறிது நேரம் நின்றாள். பிறகு பால் வாங்கப் போனாள்.

ஆகஸ்ட் 25

மூன்றையும் தபாலில் அனுப்பினேன்.

செப்டம்பர் 2, சனி

கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து வேறு யாருடையதோ போல் இருக்கிறது. பந்தை அமுக்கி அமுக்கிப் பயிற்சி செய்யச் சொன்னார் டாக்டர்.

செப்டம்பர் 20, புதன்

விக்டோரியா காலம். சந்தேகமும் கடமையும் என்று தலைப்பு. கடவுள் மேல் நம்பிக்கை ஆட்டம் கண்டபோது அந்தக் காலத்து மனிதர்கள் கடமையைப் பிடித்துக்கொண்டார்களாம். எனக்குப் புரிகிறது.

அரசுத் தேர்வுப் பணிக்கு விருப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. இரத்த அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருடமாக இதே காரணம். புதிய தலைமையாசிரியர், "நீங்க ஒரு காலத்துல நம்பர் ஒன் எக்ஸாம் சூப்பிரண்டாமே சார்?" என்றார். சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கான்டாக்ட் கிளாஸ் முடிந்ததும் பேராசிரியை ஹெப்சிபா என்னை நிற்கச் சொன்னார். எல்லோரும் போனபின் கதவைப் பாதி சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சார், உங்க மூணாவது அசைன்மென்ட்... எலிஜி பத்தினது. பதினஞ்சு வருஷமா பேப்பர் திருத்துறேன். இப்படி ஒண்ணு வந்ததே இல்ல."

நன்றி என்றேன்.

"உங்க பொண்ணுக்கு எட்டு வயசா சார்?"

தலையாட்டினேன்.

"ஒரு தகப்பன் தன்னையே இப்படி நிறுத்தி வச்சுக் கேக்க முடியுமான்னு இருந்துச்சு. அந்தக் கடைசி மூணு பக்கத்தப் படிச்சிட்டு அன்னைக்கு வேற பேப்பரே தொடல. உங்க நேர்மை பெருசு சார்." நவம்பரில் மாணவர் கருத்தரங்கு இருக்கிறதாம். நான் அதை மேடையில் வாசிக்க வேண்டுமாம். ஒரு பிரதி எடுத்துக் கையில் கொடுத்தார்.

பஸ்ஸில் வாசித்தேன்.

முதல் பத்துப் பக்கம் பாடம். ஆங்கில இரங்கற்பாவின் பகுதிகளை வரிசையாக விளக்குகிறாள். முதலில் அழைப்பு. அடுத்து, இயற்கையும் சேர்ந்து அழுவது. மூன்றாவதாக, காக்க வேண்டியவர்களை நோக்கிய கேள்வி: அவன் இறந்துகொண்டிருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பிறகு துக்கம் கேட்க வருவோர், மலர்கள், கடைசியில் ஆறுதல். நம்முடைய கையறுநிலையை இதோடு ஒப்பிடுகிறாள். நம் பாடல்களில் இழந்தவன் செயலற்று நிற்கிறான், யாரையும் கேட்பதில்லை. ஆங்கிலக் கவிஞன் கேட்டுவிடுகிறான், கேட்டபின்தான் அவனுக்கு ஆறுதல் வருகிறது. மூன்றாம் பகுதியைத் தாண்டாமல் ஆறாம் பகுதிக்குப் போக வழியில்லை என்கிறாள்.

அடுத்த மூன்று பக்கம் ஒரு வீட்டைப் பற்றி. ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. ஒரு மார்ச் மாதம். எட்டு வயதுப் பெண். மூளைக்காய்ச்சல். காக்க வேண்டியவன் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் விடைத்தாள்களை எண்ணி உறையிலிட்டு அரக்கு வைத்துக்கொண்டிருந்தான். 'அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே அந்த வீட்டில் இரங்கற்பா இரண்டாம் பகுதியிலேயே நின்றுவிட்டது.'

கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 9

வடிவிடம் நல்ல மார்க் வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். "மூணுக்குமே" என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

அக்டோபர் 21

சிலிண்டர் வந்தது. நவீனத்துவம் வாசித்தேன். மனிதன் மனதுக்குள் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதும் உத்தி. எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா என்ன.

நவம்பர் 11, சனி

அடுத்த வாரம் ஞாயிறு கருத்தரங்கு. ஆங்கில உச்சரிப்புக்காகக் கட்டுரையைப் பள்ளி ஆய்வகத்தில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பத்தாம் பக்கம் வரை தடங்கல் இல்லை.

வாசித்தால் என்ன? எல்லோரும் என்னை உத்தமன் என்பார்கள். பாடமும் தேறிவிடும். வடிவுக்குத் தெரியவே போவதில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

அரங்கில் நூறு பேருக்குமேல் இருந்தார்கள். மைய இயக்குநர், வெளியூர்ப் பேராசிரியர்கள் இரண்டு பேர். ஹெப்சிபா என்னை அறிமுகப்படுத்தும்போது, "மார்க்குக்காக எழுதுனது இல்ல இது" என்றார்.

அழைப்பு, இயற்கையின் அழுகை எல்லாம் வாசித்தேன். குரல் நன்றாகவே ஒலித்தது. முன்வரிசையில் ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பதினோராம் பக்கம் வந்தது. 'அவனை யாரும் கேட்கவில்லை' என்ற வரியை வாசித்ததும் அரங்கு அசையாமல் என்னைப் பார்த்தது. எல்லார் கண்ணிலும் இரக்கம். எனக்கு அந்த இரக்கம் தாங்கவில்லை. வேறொருத்தி ஒன்பது வருடம் பட்டதற்கு அதை நான் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

தாளைக் கீழே வைத்தேன். தமிழில் சொன்னேன்: "இத நான் எழுதல. என் மனைவி சண்முகவடிவு எழுதினா. நான் வாசிக்காம கையெழுத்துப் போட்டேன். ரெண்டாவது அசைன்மென்டும் அவ எழுதினதுதான்."

மைக் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். இறங்கி வந்து உட்கார்ந்தேன். அடுத்து வாசிக்க வேண்டிய பையன் எழுந்திருக்கத் தயங்கினான்.

மதியம் இயக்குநர் அறையில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இந்த வருடத் தாள்கள் எல்லாம் ரத்து. அடுத்த ஆண்டு முதலிலிருந்து சேரலாம். ஹெப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் கிளம்பும்போது மட்டும் கேட்டார்: "அவங்க என்ன படிச்சிருக்காங்க சார்?"

"ரெண்டு வருஷம் பி.ஏ. நிறுத்திட்டோம்."

"நிறுத்திட்டோம்" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

நவம்பர் 20

நேற்று வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வடிவிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "என் பேரச் சொன்னியளா?"

"ஆமா. உன்னோடதுன்னு எல்லாருக்கும் தெரியணும்லா."

"எனக்கு எதுக்கு எல்லாரும்?" அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நேற்றும் உயரவில்லை. "அது நான் உங்களுக்கு எழுதினது. பதினாலு பக்கம். நேர்ல கேக்க எனக்கு நாக்கு வரல, அதான் இங்கிலீஷ்ல எழுதினேன். நீங்க வாசிப்பிய, வாசிச்சிட்டு வந்து ஏதாச்சும் சொல்லுவியன்னு அந்தக் கதவுகிட்டயே நின்னேன். ஒரு வரி வாசிக்காமக் கையெழுத்துப் போட்டிய. அப்புறம் வாசிச்சிருக்கிய. ஒன்றரை மாசம் எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. நூறு பேருக்கு முன்னால எம்புள்ள செத்தத வாசிச்சிட்டு வந்து நிக்கிய."

"வடிவு..."

"அந்தக் காயிதத்தத் திருப்பி வாங்கிட்டு வாங்க. அது அங்க கெடக்கக் கூடாது."

நவம்பர் 22, புதன்

விடுப்புப் போட்டுவிட்டுத் திருநெல்வேலி போனேன். ஆவணம், கொடுக்க முடியாது என்றார் எழுத்தர். ஹெப்சிபா வந்து அவரிடம் என்னவோ பேசினார். பிரதியை வைத்துக்கொள்ளாமல், அசலையே தந்துவிட்டார்கள். வடிவு வாங்கிப் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போனாள்.

சமைக்கிறாள். துவைக்கிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

இதுவரை இந்த நோட்டில் எழுதாததை இன்று எழுதுகிறேன்.

என் மகளின் பெயர் நித்யகல்யாணி. கல்யாணி என்று கூப்பிடுவோம். எழுத்துக் கூட்டும்போது உதட்டை ஒருபக்கம் இழுத்துக்கொள்வாள். பூரிக்குச் சர்க்கரை தொட்டுத்தான் சாப்பிடுவாள். முதல் நாள் சாயங்காலமே காய்ச்சல் இருந்தது. தலை வலிக்கிறது என்று அழுதாள். வடிவு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். "நாளைக்குத் தேர்வு. காலையில மாத்திரை கொடு, சாயங்காலம் வந்து பாக்கேன்" என்று சொன்னது நான்.

தென்காசியில் ஒரு பள்ளி, பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு. தலைமைக் கண்காணிப்பாளர் நான். செல்போன் எல்லாம் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டோம். வடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் திருநெல்வேலிக்குப் போய், ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். தேர்வு முடியும்வரை எனக்குத் தகவல் வரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். வடிவிடமும் அதைத்தான் சொன்னேன்.

அது பொய். பதினொன்று பத்துக்கு வாட்ச்மேன் பூலோகப்பாண்டி வராந்தாவில் ஓடிவந்தார். "சார், பிள்ளைக்கு ரொம்ப முடியலயாம், உடனே வரச் சொல்லுதாவ" என்றார். துணைக் கண்காணிப்பாளர் இருந்தார். பொறுப்பை ஒப்படைக்க ஐந்து நிமிடம் போதும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி நேரந்தானே என்று நினைத்தேன். அந்த மையத்தில் என் பெயரில் ஒரு கரும்புள்ளி வந்ததில்லை. அதை நினைத்தேன். மணி அடித்து, தாள்களை எண்ணி, கட்டி, அரக்கு வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஒன்பது வருடமாக எனக்கு ஒரே கணக்கு. அந்த நிமிடமே கிளம்பியிருந்தால் அவள் கண் திறந்திருக்கும்போது பார்த்திருப்பேன்.

நோட்டைத் திறந்தபடியே சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, "வடிவு, இத நீ வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறேன்.

டிசம்பர் 4

நேற்று பெட்டிக்கடை வரை போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வடிவு மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"பூலோகப்பாண்டி அண்ணாச்சி பதினாறாம் நாளே வந்து சொல்லிட்டாவ. மனசு கேக்கலம்மான்னு அழுதாவ."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"நீங்களாச் சொல்லணும்னு இருந்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு பாத்தேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நோட்டைத் தன் பக்கம் திருப்பி, நான் எழுதிய அந்தக் கணக்கு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இது தப்பு. அவ போனது பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில. காலையில நீங்க போன கொஞ்ச நேரத்துலயே நெனவு தப்பிட்டு. நீங்க அப்பவே கெளம்பியிருந்தாலும் பாத்திருக்க மாட்டிய. பஸ்ஸே ஒன்றரை மணி நேரம்."

ஒன்பது வருடக் கணக்கு ஒரு நொடியில் கலைந்தது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, என் நெஞ்சு லேசானது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஆனா ஒரு மணி போல வந்திருப்பிய" என்றாள். "மூணு மணி வரைக்கும் அவள மடியில வச்சுக்கிட்டு நான் மட்டும் உக்காந்திருக்க வேண்டாம்லா. நர்ஸம்மா வந்து வந்து கேக்கா, ஆம்பள ஆள் யாரும் வரலியா, ஆம்பள ஆள் யாரும் வரலியான்னு. தேர்வு நடக்கு, வந்துருவாவன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

நான் அழுதேன். கல்யாணிக்காக ஒன்பது வருடத்தில் அழுததே இல்லை. வடிவு எழுந்து வரவில்லை, தோளைத் தொடவில்லை. நான் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

பேராசிரியை ஹெப்சிபா வடிவுக்கு ஒரு தபால் அனுப்பியிருந்தார். எனக்கு இல்லை. உள்ளே பி.ஏ. மூன்று வருடப் படிப்புக்கான விண்ணப்பம். பழைய இரண்டு வருட மதிப்பெண் பட்டியல் கிடைத்தால் நேரே மூன்றாம் ஆண்டில் சேர வாய்ப்பிருக்கிறதா என்று விசாரிப்பதாகவும் எழுதியிருந்தார்.

வடிவு இரண்டு நாளாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். "இந்த வயசுல என்னத்துக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் சொல்லுக்கு அவள் படிப்பில் இனி இடமில்லை.

டிசம்பர் 20

விண்ணப்பத்தை அவளே பூர்த்தி செய்து, அவளே தபாலாபீஸ் போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

ஜனவரி 10

மூன்றாம் ஆண்டு கிடையாதாம். முதலாண்டிலிருந்துதான். "பரவால்ல, எல்லாம் மறந்தும் போச்சு" என்றாள். மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் திரும்பச் சேர்வதைப் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை. பதவி உயர்வு இனி இல்லை. ஆனால் ரொமாண்டிக் பாடங்களைக் கைடு இல்லாமல் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். குழந்தைகளைப் பற்றி நிறையத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

வடிவின் முதல் கான்டாக்ட் கிளாஸ். ஏழு மணி பஸ்ஸில் இருவரும் போனோம். பஸ்ஸில் கூட்டம், ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனோம். இடம் கிடைத்ததும் அவளை உட்கார வைத்தேன்.

வாசலில் நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். "நாலரை ஆகும். நீங்க எதுக்குக் காத்துக்கிட்டு, வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.

வேப்பமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. எதிரே மாடிக்குப் போகும் படி. மதியம் டீ குடிக்க எழுந்தவன், இடைவேளையில் அவள் வெளியே வந்து பார்த்தால் என்ன செய்வது என்று தோன்றித் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணிக்கு மாடி வராந்தாவில் வந்து நின்றாள். கீழே பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். அவள் தலையை அசைத்துவிட்டு வகுப்புக்குள் போனாள்.

நாலேமுக்காலுக்குத்தான் விட்டார்கள். அதுவரை அங்கேயே இருந்தேன்.